இண்டியானாபொலிஸ் ஜெர்மானியர் ஆவணங்கள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களின் உள்ளூர் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு இண்டியானாபொலிஸ் மிகவும் தோதான ஊர். சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள், ஜெர்மன் நாளிதழ், ஊர்வாசிகளின் பெயரையும் முகவரியையும் பட்டியலிடும் முகவரிப் புத்தகம் மூன்றும் அங்கே பிழைத்திருக்கின்றன. பெரும்பாலானோர் நாளிதழின் தேடுபெட்டியில் ஒரு பெயரைத் தட்டிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். குறிப்பேட்டிலிருந்து தேதியை எடுத்துக்கொண்டு நாளிதழுக்குப் போவதுதான் பலன் தரும் வழி.

அந்த ஜெர்மன் நாளிதழான 'இண்டியானா ட்ரிப்யூனே' 1878 முதல் 1907 வரை வந்தது. அதன் இதழ்களை இண்டியானா மாநில நூலகத்தின் 'ஹூசியர் ஸ்டேட் க்ரானிக்கிள்ஸ்' தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஸ்கேன் படங்களில் பெரிய குறையில்லை, சிக்கல் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில். இதழ் ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்சில் இருக்கிறது. அந்த அச்சில் சொல்லின் நடுவில் வரும் நீள எஸ், எஃப்-ஐப் போலவே இருக்கும். 'கெஸெல்ஷாஃப்ட்' (சங்கம்) என்ற ஒரே சொல்லில் இரண்டு எஸ்ஸும் எஃப் ஆகிவிட வாய்ப்புண்டு. பெரிய எழுத்துகளில் வி-யும் (V) பி-யும் (B) குழம்பும், ஆர்-உம் என்-உம் குழம்பும். அதனால் அவ்வூர் ஜெர்மானியக் குடும்பமான வோனகட் குடும்பத்தைத் தேடுகிறவர் முதலெழுத்தை பி என்று மாற்றியும் தேட வேண்டும். பத்தி குறுகலானது என்பதால் நீண்ட கூட்டுச்சொற்கள் வரி முடிவில் உடைந்துவிடும். முழுச் சொல்லை விட அதன் ஐந்தாறு எழுத்துத் துண்டு நன்றாகச் சிக்கும். தவறான வரியைப் பயனர்களே திருத்தும் வசதி அந்தத் தளத்தில் உண்டு. திருத்திவிட்டுப் போங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும்.

சங்க ஆவணங்களுக்கு இண்டியானா பல்கலைக்கழகத்தின் இண்டியானாபொலிஸ் வளாக நூலகத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள ரூத் லில்லி சிறப்புத் தொகுப்புப் பிரிவில் டர்னர் உடற்பயிற்சிச் சங்கம், மேனர்கோர் பாடகர் குழு, 1870 முதல் 1890 வரை இயங்கிய, மதத்தைச் சாராத சுதந்திரச் சிந்தனையாளர்களின் சங்கம் ஆகியவற்றின் பதிவுகள் இருக்கின்றன. போவதற்கு முன்பே தொகுப்புப் பட்டியலை இணையத்தில் படித்து, பெட்டி எண், கோப்பு எண் குறித்து மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாசிப்பறைகளில் பொதுவாகப் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். படம் எடுக்க அனுமதி கிடைத்தால் ஒவ்வொரு கோப்பின் முதல் படமும் அதன் உறைச்சீட்டாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எந்தப் பக்கம் எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று தெரியாது, மேற்கோள் காட்டவும் முடியாது.

குறிப்பேடுகளைப் படிப்பதுதான் கடினம். குரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'இ' (e) பார்வைக்கு 'என்' போல இருக்கும். 'யு'வை அடையாளம் காட்டுவது அதன் தலைமேல் உள்ள சிறு வளைவு மட்டுமே. 'எம்', 'என்' எழுத்தின் மேல் கோடு இருந்தால் அதை இரட்டித்துப் படிக்க வேண்டும். தேதியில் இன்னும் ஆபத்து உண்டு. 7 என்று எழுதி அருகே 'பெர்' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர். இது தெரியாவிட்டால் இரண்டு மாதம் தள்ளிப்போய் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். கையெழுத்தைப் படித்துத் தரும் டிரான்ஸ்க்ரிபுஸ் மென்பொருள் முதல் வரைவுக்குப் பயன்படும், ஆனால் செயலாளர் மாறிக் கையெழுத்து மாறியதும் பிழை கூடும். பெயர்களையும் எண்களையும் எப்போதும் கண்ணால் சரிபாருங்கள்.

தேதி உறுதியானபின் நாளிதழில் அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அறிவிப்பையும், ஒன்றிரண்டு நாள் பின்னால் செய்தியையும் பக்கம் பக்கமாகப் பாருங்கள். கூட்டத்தில் யாரைச் சேர்த்தார்கள், சந்தா பாக்கிக்காக யாரை நீக்கினார்கள் என்பதைக் குறிப்பேட்டிலும், விழாவில் யார் பாடினார்கள், எவ்வளவு வசூல் என்பதை நாளிதழிலும் எதிர்பார்க்கலாம்.

சங்க ஆவணங்களை மட்டும் வைத்து ஊரின் ஜெர்மானியர் கதையை எழுதினால் தேவாலயத்தை நாடியவர்கள் முழுக்க விடுபட்டுப் போவார்கள். தேவாலயப் பதிவேடுகளை மட்டும் பார்த்தால் கிளெமென்ஸ் வோனகட் போன்ற சுதந்திரச் சிந்தனையாளர்கள் கண்ணில் படமாட்டார்கள். இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். மிசூரி சினட் என்ற அமைப்பைச் சேர்ந்த லூதரன் சபைகளின் ஆவணங்களுக்கு செயின்ட் லூயிஸில் உள்ள கன்கார்டியா வரலாற்று நிறுவனத்தைக் கேளுங்கள். கத்தோலிக்கப் பதிவேடு லத்தீனில் இருக்கும். அதில் வில்ஹெல்ம் என்பவர் குலியெல்மஸ் ஆகியிருப்பார்.

முகவரிப் புத்தகத்தின் அருமை 1890களில்தான் தெரியும். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் சேதமாகி அழிந்தது. 1880க்கும் 1900க்கும் நடுவே ஒரு குடும்பம் எங்கே இருந்தது என்பதை இந்தப் புத்தகங்களைக் கொண்டுதான் ஆண்டாண்டாகத் தொடர முடியும். ஆனால் மனைவியரும் பிள்ளைகளும் பெரும்பாலும் அதில் இல்லை, ஷ்மிட் ஸ்மித் ஆகியிருக்கலாம், மியுல்லர் மில்லர் ஆகியிருக்கலாம். முகவரி கிடைத்ததும் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தைத் திறங்கள். அதில் இளஞ்சிவப்பு நிறம் செங்கல் கட்டடத்தையும், மஞ்சள் நிறம் மரக் கட்டடத்தையும் குறிக்கும். கதவெண்கள் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம், ஆகவே எண்ணை நம்பாமல் தெருமுனையிலிருந்து கட்டடங்களை எண்ணிப் பாருங்கள்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா ஜெர்மனியோடு மோதிய 1917-18ஐ ஆராய்கிறவர்கள் முறையையே மாற்ற வேண்டும். 1917 அக்டோபர் சட்டத்துக்குப் பிறகு, ஜெர்மன் இதழ்கள் போர், அரசியல் செய்திகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை அஞ்சல் அலுவலரிடம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது; விலக்கு உரிமம் சிலருக்கே கிடைத்தது. 'ட்ரிப்யூனே'யின் வாரிசான நாளிதழ் 1918இல் நின்றுபோனது. கட்டடக் கலைஞர் பெர்னார்ட் வோனகட்டின் நிறுவனம் 1890களில் எழுப்பிய 'தாஸ் டாய்ச்ச ஹவுஸ்' (ஜெர்மன் இல்லம்) என்ற கட்டடத்தின் பெயர் அதே 1918இல் 'அத்தெனியம்' ஆனது. அந்த ஆண்டுக்குப் பிந்தைய பதிவுகளில் பழைய பெயரில் மட்டும் தேடினால் கட்டடமே காணாமல் போனதுபோல் தோன்றும். 1919இல் இண்டியானா மாநிலம் தொடக்கப் பள்ளிகளில் ஜெர்மன் கற்பிப்பதைத் தடை செய்தது. அந்த விவகாரத்துக்கு ஆங்கில நாளிதழ்களும் பள்ளி வாரியக் குறிப்புகளும்தான் கதி. 1918இல் குடியுரிமை பெறாத ஜெர்மானியர்களிடம் புகைப்படம், கைரேகையுடன் வாங்கிய 'எதிரி அந்நியர்' பதிவுப் படிவங்களைத் தேடிப் பலர் நேரம் செலவிடுகிறார்கள். நாட்டின் பெரும்பகுதியில் அவை அழிக்கப்பட்டுவிட்டன. கன்சாஸ் போன்ற சில இடங்களின் படிவங்களே மிஞ்சியிருக்கின்றன.