கைக்கோடரியா, செதிலா?
ஆதி மனிதரின் இந்தக் கல் கருவிகள் இரண்டுமே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் மண்ணில் கிடைத்திருக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்றாக. அடியில் சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கைக்கோடரி. உள்ளங்கை நிறையும் குவார்ட்சைட் கல், இரு முகமும் கொத்தி, நுனியைக் கூராக்கியது. எலும்பு உடைக்க, கிழங்கு தோண்ட, மரம் வெட்ட எல்லாவற்றுக்கும் தோதான கருவி. கனம்தான் தொல்லை.

மேல் அடுக்கில், சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன், லெவலுவா என்னும் முறையில் தட்டிப் பெயர்த்த மெல்லிய கல் செதில்கள் வந்துவிட்டன. இங்கே வேலை வேறு. தாய்க்கல்லை முதலில் ஆமை ஓடு போலச் செதுக்கித் தயார் செய்ய வேண்டும். அப்புறம் ஒரே தட்டு, நினைத்த வடிவில் செதில் பெயர்ந்து விழும். தட்டு பிசகினால் அத்தனை உழைப்பும் போச்சு! ஆனால் விளிம்பு கத்திதான்.

தோல் உரிக்கச் செதில் சரி. காட்டுக்குள் ஒன்றே ஒன்று என்றால், என் ஓட்டு கைக்கோடரிக்கு.