ஃபேமிலிசர்ச்: கொடிவழித் தேடலில் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒருவரின் கொடிவழியைத் தேடுபவர்கள் முதலில் நாட வேண்டிய இணையதளம், கட்டணமே வாங்காத ஃபேமிலிசர்ச். மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் திருச்சபை இதை நடத்துகிறது. அச்சபையின் துணையோடு 1894இல் தொடங்கப்பட்ட யூட்டா வம்சாவளிச் சங்கம், 1938 முதல் பழைய பதிவேடுகளை நுண்படச்சுருள்களில் (மைக்ரோஃபிலிம்) படமெடுத்துச் சேர்த்தது. அந்தச் சேகரிப்பே இத்தளத்தின் அடித்தளம்.

அமெரிக்கப் பக்கத்துத் தேடலில் இதன் பலம் நன்றாகத் தெரிகிறது. அடிமைகள் நீங்கலாக வீட்டிலுள்ள அனைவரையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1850ஆம் ஆண்டினது. பெற்றோர் பிறந்த இடத்தை 1880ஆம் ஆண்டுப் படிவமும், குடியேறிய ஆண்டை 1900ஆம் ஆண்டுப் படிவமும் கேட்டன. இடைப்பட்ட 1890ஆம் ஆண்டுத் தாள்களோ 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தின் விளைவாகப் பெரும்பாலும் அழிந்துபோயின. அந்த இருபதாண்டு இடைவெளியை மாநிலக் கணக்கெடுப்புகளையும் நகர முகவரிக் கையேடுகளையும் கொண்டுதான் நிரப்ப வேண்டும்.

உண்மையான சிக்கல், குடிபெயர்ந்தவர் பிறந்த ஊரைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. கணக்கெடுப்புத் தாளில் பெரும்பாலும் 'இங்கிலாந்து' என்று மட்டுமே இருக்கும். அமெரிக்கத் துறைமுகங்களில் 1820 முதல் தொகுக்கப்பட்ட கப்பல் பயணிகள் பட்டியல்களும் பெயர், வயது, தொழில், நாடு என்பதற்கு மேல் அரிதாகவே சொல்கின்றன. 1906க்கு முந்தைய குடியுரிமை ஆவணங்களோ பல நீதிமன்றங்களில் சிதறிக் கிடப்பவை. விக்டோரியா மகாராணிக்கான விசுவாசத்தைத் துறந்ததைப் பதிவு செய்த அளவுக்கு, சொந்த ஊரைப் பதிவு செய்வதில் அவை அக்கறை காட்டவில்லை. ஆகவே கல்லறைக் கல், இரங்கல் செய்தி, அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்வூதியக் கோப்பு ஆகியவற்றை அலசியாக வேண்டும். எந்தக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எந்த ஆவணம் எஞ்சியுள்ளது, எங்கே இருக்கிறது என்று விளக்கும் இத்தளத்தின் ஆய்வு விக்கி இங்கேதான் பெரிதும் உதவுகிறது. கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடித்தரும் முழு உரைத் தேடலும் அண்மையில் வந்துள்ளது. உயில்களிலும் நிலப் பத்திரங்களிலும் வாரிசாகவோ சாட்சியாகவோ மட்டும் தலைகாட்டும் பெயர்களை அது வெளிக்கொணர்கிறது. இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகள் சிலசமயம் அப்படித்தான் அகப்படுவார்கள்.

இங்கிலாந்துப் பக்கம் இந்தத் தளம் அவ்வளவு சீரானதன்று. சில கவுண்டிகளின் தேவாலயப் பதிவேடுகள் நிறையவே உள்ளன. வேறு சிலவற்றுக்குப் பெயர் அட்டவணை மட்டும் உண்டு, அல்லது படத்தை அச்சபையின் ஃபேமிலிசர்ச் மையங்களுக்குச் சென்றுதான் பார்க்க முடியும். அரசின் பிறப்புப் பதிவு ஜூலை 1, 1837இல் தொடங்கியது. தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் சேர்த்துத் தேட, இங்கிலாந்துப் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் அட்டவணையே மேலானது. அதேபோல், பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்தெழுதிய 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைவிட, பிறந்த ஊரைச் சொல்லும் 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நம்பகமானது.

எவரும் திருத்தக்கூடிய பொதுக் கொடிவழிதான் இத்தளத்தில் நான் மிகக் குறைவாக நம்பும் பகுதி. வில்லியம் ஸ்மித் போன்ற பெயர்களில் ஒரே ஆண்டில் ஒரே கவுண்டியில் பல குழந்தைகள் பிறந்திருக்க, கிடைத்த முதல் ஞானஸ்நானப் பதிவை எடுத்து ஒட்டிவிடுவது அங்கே சாதாரணம். அந்தக் குழந்தை சிறுவயதிலேயே அடக்கம் செய்யப்பட்டதா, நம்மவர் கப்பலேறிய பிறகும் இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் தென்படுகிறதா என்று பார்த்தாலே பல பொய்யான மூதாதையர் உதிர்ந்துவிடுவார்கள்.

கட்டணத் தளங்களுக்குச் சந்தா செலுத்த எண்ணுபவர்கள் பிறந்த ஊரோ, குறைந்தது கவுண்டியோ தெரியும் வரை பொறுத்திருப்பது நல்லது. அந்தக் கவுண்டியின் பதிவேட்டுப் படங்கள் எந்தத் தளத்தில் உள்ளன என்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு மட்டும் ஒரு மாதச் சந்தா செலுத்தலாம்.