முதல் அசெம்பிள்டு பிசி: ஏஎம்4, ஏஎம்5, எல்ஜிஏ1700 – எந்தப் பக்கம் போவது?

பிசி அசெம்பிள் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பிராசசரை முடிவுசெய்துவிட்டுத்தான் மற்றதைத் தேடுகிறார்கள். எனக்கு மதர்போர்டில் தொடங்குவதுதான் சரியாகப் படுகிறது. பிராசசரை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டை மாற்றுவதென்றால் பாதிப் பெட்டியைக் கழற்ற வேண்டும், சில சமயம் ரேமையும் புதிதாக வாங்க வேண்டிவரும். போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்தான் எந்த பிராசசர், எந்த ரேம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது.

நடுத்தர பட்ஜெட்டில் மூன்று சாக்கெட்டுகளை ஒப்பிடலாம்: ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1700. 2024இல் வந்த எல்ஜிஏ1851ஐ நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கும் புதிய தலைமுறை டிடிஆர்5 ரேம்தான் வேண்டும். அந்தச் செலவைச் செய்வதென்றால் நான் ஏஎம்5 பக்கம் போவேன். ஒப்பிட வசதியாக ரைசன் 5 5600, ரைசன் 5 7600, கோர் ஐ5-12400 மூன்றையும் வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் 6 கோர் (கணக்குப் போடும் மையம்), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை).

ஏஎம்4 2016இல் வந்த சாக்கெட். முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் மட்டுமே போடலாம். வயதானதுதான், ஆனால் 5600 இன்றைக்கும் சளைக்காத பிராசசர். பி550 வகை போர்டோடு சேர்த்தால் செலவும் கட்டுக்குள் இருக்கும். சிக்கல் வேறு இடத்தில். 5600இல் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று மானிட்டரைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். சரி, கிராபிக்ஸ் உள்ள 5600ஜி வாங்கலாமே என்றால், அதில் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான், கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸும் 3.0தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கிராபிக்ஸ் கார்டு அந்தப் பாதையில் வெறும் 4 லேனில் (தடத்தில்) ஓடுவது; 4.0 கிடைக்காவிட்டால் கேமில் வேகம் நன்றாகவே அடிவாங்கும். போர்டு, பிராசசர், கார்டு மூன்றும் கச்சிதமாகப் பொருந்தும், எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஆனால் கொடுத்த காசுக்கு வேகம் இருக்காது. இந்த வகைப் பொருத்தமின்மைதான் ஆளை ஏமாற்றுவது.

கடையில் பழைய ஸ்டாக் பி450 போர்டைத் தள்ளிவிடப் பார்த்தால், 5600 அடங்கிய 5000 வரிசைக்கு பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் பிசி ஆன் ஆகும், திரையில் ஒன்றும் வராது. இன்னொன்று, ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன. கூலரை நேராக மேலே இழுத்தால், நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்து பிடித்துக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டைவிட்டுக் கூடவே வந்துவிடும், பின்கள் வளையும். கொஞ்ச நேரம் பிசியை ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை லேசாக இடவலமாகத் திருகி எடுக்க வேண்டும்.

எல்ஜிஏ1700இல் பின்கள் போர்டில் இருக்கின்றன. லீவரை அழுத்தும்போது வரும் நறநற சத்தத்தைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், அது இயல்புதான். மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வெளியே வரும். 12400இல் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, அலுவலக வேலைக்கும் படிப்புக்கும் தனிக் கார்டு தேவையில்லை. பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் மட்டும் கிராபிக்ஸ் இல்லை. இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் நிறையப் பேர். ரேமிலும் கவனம் வேண்டும். இந்த சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும்; மாற்றிச் செருக முடியாது. மலிவான எச்610 போர்டில் ரேம் ஸ்லாட் இரண்டுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேலே ஏற வழி இருக்கிறதா என்றால், 2023இல் வந்த 14ஆம் ஜெனரேஷனோடு முடிந்தது. 13, 14ஆம் ஜெனரேஷன்களின் பெரிய பிராசசர்கள் நிலைகுலைந்து கிராஷ் ஆகும் சிக்கலை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (பிராசசருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) அப்டேட்டும் 2 வருடக் கூடுதல் வாரண்டியும் தந்தது. 12400க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிற்பாடு செகண்ட் ஹேண்டில் ஒரு 13900கே வாங்கிப் போடலாம் என்ற திட்டத்தை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

ஏஎம்5 2022இல் வந்தது. டிடிஆர்5 மட்டுமே. 7600இல் சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. விண்டோஸ் பார்க்கப் போதும், கேமுக்குப் போதாது. கார்டு பழுதானால் பிசி முடங்காது என்பதே பெரிய நிம்மதி. பின்னாளில் 9000 வரிசை பிராசசரை, பயாஸை அப்டேட் செய்துவிட்டு, அதே போர்டில் மாட்டலாம். 2027க்கு அப்புறமும் இந்த சாக்கெட் தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரேமை மட்டும் முதலிலேயே முழுதாக வாங்கிவிடுங்கள். இப்போது இரண்டு ஸ்டிக், அப்புறம் இரண்டு என்ற வழக்கமான சிக்கனம் இங்கே சரிவராது: நான்கு ஸ்டிக் போட்டால் 7600இன் அதிகாரபூர்வ ரேம் வேகம் 5200இலிருந்து 3600க்கு இறங்குகிறது. முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பதறிப்போய் பவரை அணைக்க வேண்டாம்.

எல்லாமே புதிதாக வாங்குபவருக்கு, கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கியாவது ஏஎம்5 என்பேன். 2025 கடைசியில் ரேம் விலை எகிறியதால் இந்தத் தீர்ப்பு முன்புபோல அவ்வளவு சுலபமாக இல்லை என்பதும் உண்மை. வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் கணக்கே மாறிவிடும். அதைக் கழற்றி, கேம் ஆடுகிறவர் 5600ஐயும், ஆடாதவர் டிடிஆர்4 போர்டோடு 12400ஐயும் எடுக்கலாம். லேப்டாப் ரேம் இதற்கு ஆகாது, அளவே வேறு.

சென்னை ரிச்சி தெருவில் விலை கேட்கும்போது பாக்ஸா (அட்டைப் பெட்டியில் வருவதா), ட்ரேயா (பெட்டியில்லாமல் தனியாக வருவதா) என்று கேளுங்கள். ட்ரே பிராசசரோடு கூலர் வராது, வாரண்டியும் பெரும்பாலும் கடைக்காரர் வாய்வார்த்தைதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை (மின்சாரம் தரும் பெட்டியை) மூன்று சாக்கெட்டிலுமே தவிர்த்துவிடுங்கள். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதன் கேபிள்களை அதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் பின் வரிசைக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. வேறு பிராண்ட் கேபிள் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஆன் செய்ததும் ஹார்டு டிஸ்க்கையோ போர்டையோ எரித்துவிடலாம்.