நெக்ஸ்ட்கிளவுட்: 25-லிருந்து 28-க்கு ஒரே தாவலில் போக முடியுமா?

முடியாது. 25, 26, 27, 28 என்று ஒவ்வொரு பதிப்பாக, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். படங்கள், காலண்டர், தொடர்பு எண்களை வீட்டு சர்வரிலேயே வைத்துக்கொள்ள நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் "நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்" என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. வருடத்துக்கு இரண்டு, மூன்று மேஜர் பதிப்புகள் (25, 26 என முதல் எண் மாறுபவை) வருகின்றன. ஒரு பதிப்புக்குச் சுமார் ஓராண்டுதான் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். இரண்டு வருடம் சும்மா விட்டால் நான்கைந்து படிகள் சேர்ந்துவிடும்.

இந்தக் கண்டிப்பு நியாயமானதுதான். ஒவ்வொரு மேஜர் பதிப்பும் டேட்டாபேஸ் அட்டவணைகளை மாற்றுகிறது. முந்தைய பதிப்பு விட்டுச்சென்ற நிலையிலிருந்து தொடங்குவதாக வைத்துத்தான் அந்த மாற்றங்கள் எழுதப்படுகின்றன. எந்தப் பதிப்பிலிருந்து வரலாம் என்ற பட்டியல் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. அதில் இல்லாத பதிப்பிலிருந்து வந்தால் அப்டேட் தொடங்கவே தொடங்காது. எல்லா மென்பொருளும் இப்படி இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 13-லிருந்து 16-க்கு நேராகவே கொண்டுபோகலாம்.

மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில், எப்போதும் புதிய பதிப்பையே குறிக்கும் 'லேட்டஸ்ட்' டேக் போட்டவர்கள்தான் அதிகம் பயந்துபோகிறார்கள். நெடுநாள் கழித்து இமேஜை (நிரல் தொகுப்பை) இழுத்தால், பல பதிப்பு தாண்டி வருவதைப் பார்த்துக் கன்டெய்னர் (அதை ஓட்டும் பெட்டி) நின்றுவிடும். ரீஸ்டார்ட் அமைப்பால் திரும்பத் திரும்ப எழுந்து விழும். அந்தக் கட்டத்தில் தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கான்ஃபிக் கோப்பில் 'வெர்ஷன்' வரியைப் பாருங்கள். 25 என்றால் டேக்கை 25 என்றே எழுதி எழுப்புங்கள். பிறகு 26, 27, 28. டேக்கில் எப்போதும் மேஜர் எண்ணைப் போடுவதே சரி.

டாக்கர் இல்லாமல், டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நேரடியாக நிறுவியவர்களுக்குப் பெரிய சிக்கல், நெக்ஸ்ட்கிளவுட் ஓடத் தேவையான நிரல்மொழி பிஹெச்பி. டெபியன் 11-இல் வருவது 7.4, டெபியன் 12-இல் 8.2. நெக்ஸ்ட்கிளவுட் 25 ஏற்பது 7.4 முதல் 8.1 வரை, 26 ஏற்பது 8.0 முதல் 8.2 வரை. ஆக, 25-இல் இருக்கும்போது இயங்குதளத்தை முதலில் ஏற்றினால் 8.2 வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது 25 திறக்காது. கட்டளை வரியும் மறுத்துவிடும். ஏற்றாமலே விட்டாலும் 7.4-ஐ வைத்துக்கொண்டு 26-க்குப் போக முடியாது. இரண்டுக்கும் பொதுவான எண் 8.0, 8.1 மட்டுமே. டெபியனுக்குப் பல பிஹெச்பி பதிப்புகளைத் தரும் சூரி ரெப்போவிலிருந்து (வெளித் தொகுப்புக் களஞ்சியம்) 8.1-ஐயும் அதற்கான ஜிடி, இன்டிஎல், எம்பிஸ்ட்ரிங், ஜிப், எக்ஸ்எம்எல், கர்ல், டேட்டாபேஸ் மாட்யூல்களையும் போட்டு, 26-க்கு ஏறிய பிறகு டெபியன் 12-க்குப் போங்கள். வெப் சர்வரில் மாற்றிவிட்டு கட்டளை வரியில் பழைய பிஹெச்பியையே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு படியிலும் முதலில் அந்தப் பதிப்பின் கடைசிப் புள்ளி வெளியீட்டுக்கு (மேஜர் எண் மாறாமல் வரும் சிறு திருத்தப் பதிப்பு) வந்துவிடுங்கள். மெயின்டனன்ஸ் மோடைப் (பயனர்கள் நுழைய முடியாத நிலை) போட்டு டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுங்கள். கான்ஃபிக், டேட்டா ஃபோல்டர்களையும் நகலெடுங்கள். வெப் அப்டேட்டர் (பிரவுசரில் ஓடும் அப்டேட் கருவி) 'பேக்கப்' என்று சொல்வது நிரல் கோப்புகளை மட்டும்தான். டேட்டாபேஸும் உங்கள் கோப்புகளும் அதில் சேராது. இதைத் திரையில் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பழைய பதிப்புக்கு இறங்கும் வசதி கிடையாது என்பதால், திரும்பிப் போக அந்த டம்பும் நகல்களும்தான் வழி. சிறிய சர்வர்களில் வெப் அப்டேட்டர் பாதியில் டைம்அவுட் ஆகும். கட்டளை வரி அப்டேட்டரையே பயன்படுத்துங்கள்.

ஏறியதும், டேட்டாபேஸில் விடுபட்ட இன்டெக்ஸ்களை (தேடலை வேகமாக்கும் குறியீடுகள்) சேர்க்கும் ஓசிசி (நெக்ஸ்ட்கிளவுட்டின் கட்டளை வரிக் கருவி) கட்டளையை ஓட்டுங்கள். பெரிய அட்டவணைகளில் நேரம் பிடிக்கும் என்பதால் அப்டேட் அதைத் தானாகச் செய்வதில்லை. விட்டுவிட்டால் கோப்புப் பட்டியல் திறப்பதே மெதுவாகலாம். கிரான் வேலைகள் (பின்னணியில் தானாக ஓடுபவை) ஓடி முடிய அவகாசம் கொடுத்து, லாகை (பிழைப் பதிவை) பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். புதிய பதிப்புக்கு இன்னும் தயாராகாத ஆப்கள் அணைக்கப்பட்டிருக்கும். காலண்டரும் தொடர்புகளும் அதில் மாட்டியிருந்தால் போன் சிங்க் நின்றுவிடும், அவற்றை முதலில் பாருங்கள்.