ஆறு வருடமாக வீட்டில் ஒரு க்ளாக் 19

என் தாத்தா புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோப்பில் காட்டுப்பன்றிக்காக ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் அறிவித்துவிட்டால் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிளில் கட்டி, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் அது வீடு திரும்பும். அதனால் ஹூஸ்டனில் என் வீட்டு அலமாரிக்குள் க்ளாக் 19 கைத்துப்பாக்கியைப் பூட்டி வைத்திருந்த பெட்டகத்தைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "லைசென்ஸ் எங்கல?" என்பதுதான். டெக்சாஸில் கைத்துப்பாக்கி வீட்டில் வைத்துக்கொள்ள லைசென்ஸும் வேண்டாம், எந்த ஸ்டேஷனிலும் பதிவும் கிடையாது என்று சொன்னேன். நான் ஏதோ மறைக்கிறேன் என்று இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஹூஸ்டன் புறநகர்களான கேட்டி, சுகர்லேண்ட் பக்கம் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் "எது வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய் வலிக்கச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தடை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை வக்கீலிடம் கேளுங்கள், ஆபீஸ் நண்பரிடம் கேட்காதீர்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். நான் க்ரீன் கார்டு வந்த பிறகு 2019இல்தான் கடைப் படியேறினேன். எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை பலருக்குச் சில நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு "தாமதம்" என்று வந்தது. கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூன்றாம் நாள் போய் வாங்கினேன்.

வாங்கியது தவறான துப்பாக்கி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு கராஜ் கதவை உடைத்திருந்தார்கள், அந்த வாரம் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. பயத்தோடு கடைக்குப் போகிறவன் கையில் எது சின்னதாக இருக்கிறதோ அதை வாங்குவான். பாக்கெட்டில் போட்டால் தெரியாத ஒரு குட்டி பிஸ்டல். பிராண்டைச் சொல்லப் போவதில்லை, தப்பு அதன் மேல் இல்லை. எடை குறையக் குறைய அதே தோட்டாவின் உதை கைக்குள் அதிகமாக இறங்கும். பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். குழல் குட்டையாக இருந்தால் குறிபார்க்கும் முன் புள்ளிக்கும் பின் புள்ளிக்கும் இடைவெளி சுருங்கிவிடும், அங்கே ஒரு நூல் விலகினால் இலக்கில் ஒரு கை விலகும். சின்னது பெண்களுக்கு ஏற்றது, புதியவர்களுக்கு ஏற்றது என்று கவுண்டரில் சொல்வதை நம்பாதீர்கள். தலைகீழான பேச்சு அது. சின்னத் துப்பாக்கி தேர்ந்த கைக்கானது. முப்பது தோட்டா சுடுவதற்குள் எனக்குப் பெருவிரல் அடி வலித்தது, அடுத்த வாரம் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகாமலிருக்கக் காரணம் தேடினேன். மூன்று மாதத்தில் பாதி விலைக்கு அதே கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை மூளையோடு போனேன். ரேஞ்சில் வாடகைக்குத் தருவார்கள், பல இடங்களில் ஒரே கட்டணத்தில் மாற்றி மாற்றிச் சுடலாம். ஐந்து தோட்டா கொள்ளும் .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று சுட்டேன். பார்க்க எளிமை, ஆனால் விசையை (ட்ரிகர்) இழுப்பதற்கு ஆட்டுக்கல் சுற்றும் பலம் வேண்டும். அப்புறம் 2018இல் வந்த சிக் பி365 என்ற பிஸ்டல். அவ்வளவு சின்ன உடம்பில் 10 தோட்டா. எப்போதும் இடுப்பில் வைப்பவர்களுக்கு இன்றைக்கும் நான் கைகாட்டுவது அந்த அளவைத்தான், ஆனால் ஓரளவு பழகிய பிறகு. கடைசியாக க்ளாக் 19, ஐந்தாம் தலைமுறை. 9 மி.மீ., தோட்டா அடைத்துச் செருகும் மேகசினில் 15 தோட்டா, நாலு அங்குலக் குழல், தோட்டா நிரப்பினால் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அழகே கிடையாது. கறுப்புச் செங்கல். ஆனால் ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு இன்னொரு ஐம்பது வாங்கலாமா என்று நானே கேட்டேன், அதுதான் எனக்குத் தீர்ப்பு.

இந்த ஆறு வருடத்தில் ஏறக்குறைய 4,200 தோட்டா சுட்டிருக்கிறேன். ஒரு சின்ன நோட்டில் குறித்து வைக்கிறேன், பால் கணக்கு மாதிரி. இரண்டு தடவை சிக்கியது. இரண்டும் என் மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்ததால் வந்தது, துப்பாக்கியின் குறையில்லை. பின்பக்கம் உறுதியாக இல்லாவிட்டால் ஸ்லைடு, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம், முழுதும் பின்னே போகாது, காலி உறை வெளியேறாமல் மாட்டிக்கொள்ளும். சுத்தம் செய்வது எளிது. ஆனால் ஒரு விஷயத்தில் உயிரே இருக்கிறது: பிரிக்கும் முன் விசையை ஒரு தடவை இழுத்தாக வேண்டும். மேகசினை எடுத்துவிட்டோம், காலிதான் என்று நினைத்து, குழலுக்குள் ஒன்று உட்கார்ந்திருப்பதை மறந்து இழுத்தவர்கள் உண்டு. நான் கண்ணால் பார்ப்பேன், சுண்டுவிரலை விட்டும் பார்ப்பேன். வெளியே தனியாக சேஃப்டி பொத்தான் இல்லை என்பதும் முதலில் எல்லாரையும் உறுத்தும். விசைக்குள்ளேயே ஒரு நாக்கு இருக்கிறது, விரல் பட்டால் விலகும். விரலோ வேறு எதுவோ உள்ளே போய் அழுத்தாதவரை வெடிக்காது, அழுத்தினால் வெடிக்கும், அவ்வளவுதான். விசையை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் இல்லாமல் இதை இடுப்பில் செருகாதீர்கள்.

இடுப்பு என்றதும், அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்வதற்கான, எல்டிசி எனப்படும் உரிமத்தை ஆரம்பத்திலேயே எடுத்தேன். வகுப்பு, எழுத்துத் தேர்வு, பிறகு 3, 7, 15 கஜத்திலிருந்து மொத்தம் 50 தோட்டா. 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயதான, தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமமே இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த வகுப்புக்குப் போங்கள். எப்போது சுடலாம் என்பதைவிட எங்கேயெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்பதற்குத்தான் அங்கே பாதி நேரம் போகும்.

அதுதான் என்னை வீழ்த்தியது. பிள்ளையின் பள்ளிக்கூடம் கிடையாது. தபால் ஆபீஸ் கிடையாது. சிவப்பில் 51% என்று எழுதிய பலகை இருக்கும், உட்கார்ந்து குடிக்கும் பார் கிடையாது. துப்பாக்கியை மறைத்துக்கொண்டு வராதே என்னும் 30.06 பலகை மாட்டிய கடை கிடையாது. என் கம்பெனி வளாகம் கிடையாது. பியர்லேண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகிற அன்றைக்கு எங்கே செருகுவது? சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எனக்கே அது ஒப்பவில்லை. ஆக ஒரு நாளில் நாலு தடவை காரில் கழற்றிப் பூட்டி, நாலு தடவை எடுத்து மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவை கையில் எடுப்பதும் ஒரு வாய்ப்பு, தவறு நடப்பதற்கு. காரில் விட்டுப் போவது திருடனுக்குத் தாம்பூலம் வைப்பது. ஹூஸ்டன் ஆகஸ்டில் டி-ஷர்ட்டுக்குள் அந்தச் செங்கல் வியர்வையில் தேய்த்துத் தேய்த்து இடுப்பில் தழும்பே விழுந்தது. ஒன்றரை வருடம் தாங்கினேன். அப்புறம் விட்டுவிட்டேன். உரிமத்தை மட்டும் புதுப்பித்து வைத்திருக்கிறேன்.

வீட்டில் வைப்பதற்கு வருவோம். நான் பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் துப்பாக்கி இல்லை, பெட்டகம் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. முதலில் வாங்கியது எண்பலகை வைத்த மின்னணுப் பெட்டி. ஒரு ஞாயிறு மதியம் சோதித்துப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது, சாவி எங்கே என்றும் தெரியவில்லை. இப்போது இருப்பது ஐந்து பொத்தான் அமுக்கும் மெக்கானிக்கல் பூட்டு. பேட்டரியே கிடையாது, இருட்டில் விரல் தடவித் திறக்கலாம், சுவரில் போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது. டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கிடைக்கும்படி விட்டால் பெற்றவர்கள் மேல் வழக்கு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஸ்டூல் போட்டு மேல்தட்டு முறுக்கை எடுக்கும் கலை அவளுக்குப் பேசத் தெரிவதற்கு முன்பே வந்துவிட்டது.

சுவரையும் யோசியுங்கள். நம் ஊர் மாதிரிச் செங்கல் சுவர் இல்லை இது. மரச்சட்டத்தில் இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்தது. எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும் ஓரிரண்டு அறைகளைத் தாண்டிப் போகும். பயிற்சிக்கு முழு உறையிட்ட தோட்டா, வீட்டுக்கு நுனி குழிந்த ஹாலோ பாயிண்ட் என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான், அது உடம்பில் பட்டால் விரிந்து நிற்கும். சுவரில் பட்டால் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு மாலை படுக்கையறை வாசலில் நின்று, எந்தத் திசையில் மகள் தலையணை, எந்தத் திசையில் பக்கத்து வீட்டு ஹால் என்று பார்த்தேன். சுடுவதற்கு மிஞ்சியது மாடிப்படி இறங்கும் ஒரே ஒரு கோணம்.

அந்தக் கோணத்தில்தான் 2022இல் ஒரு விடிகாலை மூன்று மணிக்கு உட்கார்ந்திருந்தேன். கீழே சத்தம். அலமாரி திறக்கிறது, ஏதோ உருள்கிறது. துப்பாக்கி கையில், நெஞ்சு காதுக்குள் அடிக்கிறது. கீழே விளக்கு எரிந்தது. பிறகு காப்பி வாசம். ஊரிலிருந்து வந்து மூன்றாவது நாள், ஜெட்லாக்கில் தூக்கம் வராமல் அம்மா டிகாக்‌ஷன் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுக் கீழே போனேன். "நீயும் முழிச்சுட்டியாய்யா, ஒரு வாய் குடிக்கியா?" என்றாள். டம்ளரைப் பிடிக்கக் கை நிற்கவில்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வரிசை மாறியது. முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுவது, உரக்கக் குரல் கொடுப்பது, கதவைப் பூட்டி 911க்கு போன் போடுவது. கையில் தனியாக ஒரு டார்ச், துப்பாக்கியில் மாட்டிய விளக்கு வேண்டாம். யாரென்று பார்ப்பதற்காக அவர் மேல் குழலை நீட்டக் கூடாது, அதற்காக. கீழே இறங்கித் தேடும் வேலையே கிடையாது. தூக்கிக்கொண்டு போக டிவிதான் இருக்கிறது.

என் மனைவிக்கு ஆரம்பத்தில் ஸ்லைடை இழுக்கவே வரவில்லை. ரேஞ்சில் ஓய்வுபெற்ற போலீஸ்காரப் பயிற்சியாளர் ஒருவர், ஸ்லைடை நெஞ்சுக்கு அருகே இறுகப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பிடியை முன்னே தள்ளச் சொன்னார். இழுக்காதே, தள்ளு. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. எளிதாக இழுபடும் ஸ்லைடோடு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி என்று ஒன்று இருக்கிறது, விரலில் வாதம் உள்ளவர்கள் அதைப் பாருங்கள். நாங்கள் வீட்டுக்கு ஒன்றே போதும், இருவருக்கும் அதே பழக வேண்டும் என்று நிறுத்திவிட்டோம். 15 கஜத்தில் அவள் என்னைவிட நன்றாகச் சுடுவாள். ரேஞ்சிலிருந்து வந்தால் துஷ்டி வீட்டுக்குப் போய் வந்த மாதிரி கராஜ் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், குளித்து, துணி மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட சட்டம். தோட்டாப் புகையில் ஈயம் இருக்கிறது, அதனால் நானும் வாதாடவில்லை.

இன்னொன்று, இதை எழுதலாமா என்று யோசித்தேன். 2020 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது நினைவிருக்கும். ஹூஸ்டனில் எங்கள் துறையில் கூட்டங்கூட்டமாக வேலை போனது, என் வேலையும் போனது. இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி ஹாலில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் காலை மனைவி தோசை ஊற்றிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "ஏங்க, பெட்டி நம்பர மாத்திட்டேன்." நான் ஏன் என்று கேட்கவில்லை. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்பது எனக்கு அப்போதே தெரியும். திருடனைப் பற்றி அத்தனை யோசித்த நான் இதை யோசித்ததே இல்லை. நாலு மாதம் கழித்து வேலை கிடைத்தது. அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் புது எண்ணைச் சொன்னாள். வாங்குவதற்கு முன் வீட்டில் பேச வேண்டிய பேச்சு இதுதான். எண் யாரிடம் இருக்கும், எப்போது மாறும், அப்படி மாற்றினால் கோபப்படக் கூடாது என்று. அந்த மாதிரி நாட்களில் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வைக்க நம்பகமான ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது.

செலவில் எல்லாரும் துப்பாக்கி விலையை மட்டும் பார்க்கிறார்கள். பெட்டகம், காதுக்கவசம், ரேஞ்ச் கட்டணம், தோட்டா எல்லாம் சேர்ந்தால் அது இரண்டு மடங்கு தாண்டும். 2020இல் 9 மி.மீ. தோட்டா கடைகளில் அரிசி மாதிரி காணாமல் போய், கிடைத்த இடத்தில் மூன்று மடங்கு விலை. அந்த நாட்களில் வீட்டிலேயே காலித் துப்பாக்கியில், போலித் தோட்டா போட்டு, விசை இழுத்துப் பழகினேன். காசில்லாத அந்தப் பயிற்சிதான் என் கையை நேராக்கியது.

இப்போதும் யாராவது கேட்டால் கடைக்குப் போகாதீர்கள், சனிக்கிழமை என்னோடு ரேஞ்சுக்கு வாருங்கள் என்கிறேன். மூன்று வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள், கண்ணாடியும் காதுக்கவசமும் என்னிடம் கூடுதலாக இருக்கிறது. மூடிய ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். கழுத்து இறங்கிய சட்டை மட்டும் வேண்டாம், சுடச்சுட வெளியே தெறிக்கும் காலி உறை நேரே உள்ளேதான் விழும்.