450 வாட்ஸ் ஸ்டிக்கருக்கு அடியில் 250: பழைய எஸ்எம்பிஎஸ் வாங்கி ஏமாந்த கதை

அவிநாசியில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் பனியன் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்துக் கொடுக்கிறோம். அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் இன்னும் மூன்று பேரும் ராத்திரி பத்து மணி வரை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். கருப்புத் துணியில் கருப்பு நூல், ட்யூப் லைட்டில் கண்ணுக்கே தெரியாது. மேசைக்கு மேலே 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி, அதைப் பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் (வீட்டுக் கரண்டைக் குறைந்த வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை டப்பா) ஓட்டலாம் என்று முடிவு செய்தேன். யோசனை தப்பில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட் சுத்தமாக வரும்.

திருப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் 650 ரூபாய்க்கு ஒன்று கொடுத்தார்கள். பளபளவென்று புது ஸ்டிக்கர், பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். "உங்க வீட்டு லைட்டு மொத்தமும் இதுலயே ஓட்டலாமுங்ண்ணா" என்றார் கடைக்காரர். ஒரு ஜெம் கிளிப்பை வளைத்து, பெரிய பிளக்கில் பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் அவரே இணைத்து (கம்ப்யூட்டர் இல்லாமல் இதை ஓட வைக்கும் வழி அதுதான்), ஃபேன் சுற்றுவதைக் காட்டினார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். பில் கேட்டதற்கு, "செகண்ட்ஸுக்குப் பில் இல்லீங்க, ஒரு மாசம் வாரண்டி, என் வாய்வார்த்தை போதும்ங்க" என்றார். நம்பினேன்.

வீட்டுக்கு வந்துதான் ஸ்டிக்கரில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். 12 வோல்ட்டுக்கு 10 ஆம்ப், அதாவது 120 வாட்ஸ். 5 வோல்ட்டுக்கு 26 ஆம்ப், 3.3 வோல்ட்டுக்கு 18 ஆம்ப். மூன்றையும் கூட்டினால்கூட 310ஐத் தொடவில்லை. ஸ்ட்ரிப்புக்கு உதவுவது 12 வோல்ட் லைன் மட்டும்தான். மேலே எத்தனை நூறு போட்டிருந்தாலும் நமக்கு ஆகப்போவது எதுவுமில்லை. சரி, 5 மீட்டர் சுருள் ஒன்றுதான், மீட்டருக்கு 14.4 வாட்ஸ், மொத்தம் 6 ஆம்ப், தாங்கும் என்று நினைத்தேன். 5 வோல்ட் லைனில் லோடே இல்லாவிட்டால் சில பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் தடுமாறும். அதனால் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே 10 ஓம்ஸ், 10 வாட்ஸ் ரெசிஸ்டரும் போட்டேன்.

12 வோல்ட் லைனில் மீட்டர் 10.7 காட்டியது. 11.4க்குக் கீழே இறங்கவே கூடாது. அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும், கழற்றவில்லை.

மூன்றாம் நாள் பெரியம்மா, "கண்ணு, மேசையத் தொட்டா சுருக்குங்குது" என்றார். இரும்பு மேசை, எஸ்எம்பிஎஸ் அதன் காலில் திருகியிருந்தது. சுவிட்சை அணைக்க எழுந்தேன், அதற்குள் டப்பென்று ஒரு சத்தம், மீன் அழுகிய மாதிரி ஒரு நாற்றம், வெள்ளைப் புகை. பக்கத்திலேயே மூட்டை மூட்டையாகத் துணி. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மறுநாள் ரேடியோ மெக்கானிக் நண்பர் திறந்து பார்த்தார். (நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.) ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்புக் கம்பியை வளைத்துப் பற்ற வைத்திருந்தார்கள். கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்டும் லைன் ஃபில்டர் காயில் இல்லை, அதற்குப் பதில் இரண்டு கம்பித்துண்டுகள். வெடித்த கெப்பாசிட்டரின் தலை பூ விரிந்த மாதிரி கிழிந்திருந்தது. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு லேபிள், மங்கிப்போய், 250 வாட்ஸ் என்று.

கடைக்காரர் கொடுத்த பவர் கார்டை வெட்டிப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று பின் பிளக், உள்ளே இரண்டே ஒயர். எர்த் பின் சும்மா ஒப்புக்கு நிற்கிறது. பாடியில் கசியும் கரண்டுக்குப் போக வழியில்லாமல் அது மேசையில் வந்து நின்றிருக்கிறது. அதைத்தான் பெரியம்மா தொட்டிருக்கிறார்.

பொருளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "பச்சை ஒயரை ஷார்ட் பண்ணீட்டீங்கள்ல, வாரண்டி வராதுங்க." ஜெம் கிளிப் போட்டுக் காட்டியவரே சொன்னது இது.

பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அதையும் இரட்டை லேபிளின் போட்டோவையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

மேசைக்கு இப்போது எல்இடிக்கென்றே விற்கும் 12 வோல்ட், 12.5 ஆம்ப் சப்ளை வாங்கி, எர்த் கொடுத்துப் போட்டிருக்கிறோம். கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்தான் வேண்டும் என்பவர்கள், ஓடுகிற கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் கண் முன்னால் கழற்றியதை வாங்குங்கள். கையில் தூக்கிப் பாருங்கள், காலி டப்பா மாதிரி லேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இந்த மாதிரி ஏற்கெனவே ஒன்றை வாங்கி வீட்டில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே அதை அணைத்துவிட்டு, பவர் கார்டைத் தனியாகக் கழற்றி, இரண்டு முனையிலும் எர்த் பின்னுக்கு மீட்டர் வைத்து கன்டினியூட்டி (ஒயர் விடாமல் தொடர்கிறதா என்று) பாருங்கள். பீப் வரவில்லை என்றால் மறுபடி சொருகாதீர்கள்.