காலையில் முதலில் பார்க்கும் ஏரிக் கணக்கு

சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளத்தில் ஏரிகளின் நீர் இருப்புக்கென்று ஒரு பக்கம் உண்டு. 2019 ஜூனிலிருந்து காலைக் காபி ஆறுவதற்குள் அதைப் பார்த்துவிடுவேன். வில்லிவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் 18 வீடுகள். சங்கச் செயலாளர் நான் என்பதால் தண்ணீர்ப் பொறுப்பும் என்னுடையது.

அந்த வருடம் எங்கள் போர்வெல் வெறும் காற்றைத்தான் இறைத்தது. சம்ப்பின் அடியில் சேறு தெரிந்தது. “முன்னாடியே தெரியலையாம்மா உனக்கு?” என்று மூன்றாம் மாடி அக்கா கேட்டார். தெரிந்திருக்கலாம். 2018-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதிலிருந்தே இருப்பு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கையும் கூட்டினால் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. நான்தான் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வருத்தத்தில் வந்த பழக்கம் இது.

பக்கம் எளிமையானது. ஒவ்வொரு ஏரிக்கும் முழுக் கொள்ளளவு, இன்றைய மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், மழை, போன வருடம் இதே நாளில் இருந்த இருப்பு. எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிக் கட்டம்தான். ‘புழலில் 2,000 இருக்கிறது’ என்றால் மனதில் ஒன்றும் பதியாது. போன வருடம் எவ்வளவு என்று பக்கத்திலேயே பார்த்தால் நிலைமை புரிந்துவிடும்.

இருப்பை மில்லியன் கன அடியில் போடுகிறார்கள். அதைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். 1 மில்லியன் கன அடி என்பது சுமார் 2.83 கோடி லிட்டர். ஊருக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், தினமும் 35 மில்லியன் கன அடி கழியும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 டிஎம்சி, அதாவது 1,000 மில்லியன் கன அடி. நான்கு ஏரிகளும் முழுக்க நிரம்பினாலும் 11,257 மில்லியன் கன அடிதான். கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஏரியின் 500-ஐயும் வீராணம் ஏரியின் 1,465-ஐயும் சேர்த்தால் 13,222. கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லையென்றால் அதுதான் மொத்தக் கையிருப்பு.

2019 ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் எங்கள் வில்லிவாக்கத்துக்குத்தான் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். பார்த்தபோது கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீர்வரத்துக் கட்டத்தில் வினாடிக்கு 1 கன அடி என்று இருந்து, அது நாள் முழுக்க வந்தாலே கிட்டத்தட்ட அதே அளவு! அத்தனை பேர் உழைப்பு, அத்தனை மைல், ஒரு சின்ன வாய்க்கால் ஒரு நாள் ஓடியதற்குச் சமம். அன்றிலிருந்து அந்தக் கட்டத்தில் எவ்வளவு சின்ன எண் இருந்தாலும் நான் அலட்சியமாகத் தாண்டிப் போவதில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. பூண்டியில் வெளியேற்றம் அதிகமாக இருந்தால் தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்று பதறவேண்டாம். மழைக்கால வெள்ளமாக இல்லாதபோது பெரும்பாலும் அது கால்வாய் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போகிற தண்ணீர். இரண்டு நாள் கழித்துப் புழலின் வரத்தைப் பாருங்கள், தெரியும்.

பூண்டிக்கு வருவதிலும் பங்கு நம்முடையது மட்டும் இல்லை. 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணாவிலிருந்து வருடத்துக்கு 12 டிஎம்சி தரவேண்டும். அது ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் ஊத்துக்கோட்டை அருகே எல்லையைத் தாண்டி வருகிறது. ஆந்திராவில் மழை குறைந்தால் நமக்கும் குறையும். வீராணம் காவிரித் தண்ணீர். காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல்களுக்கும் அதே ஏரிதான். மேட்டூர் நிலவரத்தையும் ஏன் பார்க்கிறேன் என்று என் மகன் கேட்பான். நம் வீட்டு வாளியில் அங்கேயிருந்து வந்ததும் இருக்கிறதே!

இந்தப் பக்கம் எங்களுக்குக் காசும் மிச்சப்படுத்தியது. அப்புறம் வந்த ஒரு கோடையில் எங்களுக்கு லாரித் தண்ணீர் கொடுப்பவர் ஏப்ரலிலேயே போன் செய்து, “ஏரியெல்லாம் வத்திப்போச்சு, மூணு மாசத்துக்கு அட்வான்ஸ் கட்டுங்க மேடம்” என்றார். புழலில் பாதிக்குமேல் இருந்தது. பக்கத்தை போனில் எடுத்து சங்கக் கூட்டத்தில் காட்டினேன். ஒருவரும் கட்டவில்லை. மழை குறைந்த வருடங்களில் நேர்மாறாக, ஜனவரியிலேயே மோட்டார் நேரத்தைக் குறைத்தோம். முணுமுணுப்பு வந்தது, ஆனால் மே மாதம் லாரி பாதிதான் தேவைப்பட்டது.

எனக்கு ஒரே ஒரு ஆசை: ‘இன்றைய விநியோகப்படி எத்தனை நாளுக்கு வரும்’ என்று ஒரு கட்டம் சேர்க்கவேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிலிருந்து எதிர்க் கடைக்காரர் வரை எல்லாருக்கும் நாள் கணக்கு புரியும். அது வரும்வரை நானே வகுத்து, லிஃப்ட் பக்கத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுகிறேன்.

5-க்கு நாலரை ஸ்டார் கொடுப்பேன். தினமும் பார்க்க முடியாதவர்கள் ஜனவரி 1-ஆம் தேதிக் கணக்கையாவது பாருங்கள். பருவமழை முடிந்த கையோடு வருகிற அந்த எண்ணை வைத்துத்தான் வரும் கோடை முழுக்க ஓட்டவேண்டும்.